பந்து போன பிறகு

கிளைவ் ஹெஸ்கெத் ஹார்க்வொர்த் டவுன் கால்பந்து அணிக்காகப் பதினெட்டு வருஷம் ஆடினான். நானூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் ஆட்டங்கள். பதினொரு கோல்கள். அதில் மூன்று, வேறு யாரோ அடித்த பந்து இவன் முதுகிலோ முழங்காலிலோ பட்டு உள்ளே போனவை. மூன்றாம் டிவிஷனில் நடுக்களத்தில் ஆடுகிறவனுக்கு அது ஒன்றும் வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. அவனை யாரும் கோல் அடிக்கச் சொல்லி மைதானத்துக்குள் அனுப்பவில்லை.

எதற்கு அனுப்பினார்கள் என்பது ஊருக்கே தெரியும். எதிரணியில் எவன் நன்றாக ஆடுகிறானோ அவனை ஆடவிடாமல் செய்வதற்கு. 'கோடாலி' என்று அவனுக்குப் பெயர். கிளப் கடையில் கோடாலிப் படம் போட்ட கம்பளிக் கழுத்துத் துண்டு விற்றார்கள். கிழக்குப் பக்கத்துத் தகரக் கூரைக்குக் கீழே நின்று பார்க்கிற கூட்டம், எதிரணிக்காரன் ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் அழகு காட்டிவிட்டால் போதும், "வெட்டு! வெட்டு!" என்று தகரத்தைத் தட்ட ஆரம்பித்துவிடும்.

பதினேழு வயதில் அவன் கோடாலியாக இல்லை. பந்தை நாற்பது கஜம் தள்ளி ஓடிக்கொண்டிருப்பவனின் அடுத்த எட்டில் கொண்டுபோய் இறக்குவான். ஓடுகிறவன் வேகத்தைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். இதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவன் அப்பா நூல் ஆலையில் வேலை பார்த்தவர், பந்தாட்டத்தில் ஈடுபாடு இல்லாதவர். அண்ணன்கள் ரக்பி ஆடினார்கள். அது அவன் காலில் எப்படி வந்து உட்கார்ந்தது என்று அவனுக்கே தெரியாது.

அவனுக்கு இருபது வயதானபோது ஃபிராங்க் ஸ்டாட் மேனேஜராக வந்தார். குட்டையான ஆள். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு வாரம் பயிற்சியைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை கிளைவை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நல்லா பாஸ் போடுறியே மகனே. எங்க கத்துக்கிட்ட?"

"எங்கயும் இல்ல மொதலாளி. தானா வந்துச்சு."

"தானா வந்தது தானாவே போயிடட்டும். பாஸ் போடுறதுக்கு என்கிட்ட ஆள் இருக்கு. பறிக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல. நீ பறி. பறிச்சு, பக்கத்துல அஞ்சு கஜத்துல எவன் நிக்கிறானோ அவன்கிட்ட குடு. அதுக்கு மேல உன் கால் யோசிக்க வேண்டாம்."

"எனக்குப் பறிக்கத் தெரியாதே மொதலாளி."

"பறிக்கிறதுக்கு அறிவு வேணாம்டா. வலிக்குமேன்னு நெனைக்காம இருந்தாப் போதும். உனக்கும் சரி, அவனுக்கும் சரி."

சரி என்று சொன்னான் கிளைவ். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை ஆலைக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆலைகளும் அப்போது ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன.

ஸ்டாட் சொன்னது ஒரு விதத்தில் நடந்தது. இருபத்தேழு வயதில் ஒருநாள் பயிற்சியில், சும்மா பார்ப்போமே என்று கிளைவ் பழைய மாதிரி ஒரு நீளமான பாஸ் போட்டுப் பார்த்தான். பந்து வேலியைத் தாண்டிப் போய் கிளப் டாக்டரின் கார் கண்ணாடியில் விழுந்தது. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் முயற்சி செய்யவில்லை.

பெல்பிரிட்ஜ் அணியில் கேவின் ட்ரான்டர் என்றொரு பையன் வந்திருக்கிறான் என்ற பேச்சு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு இலையுதிர் காலத்திலேயே ஹார்க்வொர்த் வரைக்கும் வந்துவிட்டது. இருபது வயது. ஒல்லி. பெரிய கிளப்புகளிலிருந்து ஆட்கள் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்றார்கள். அந்த சீசனில் முதல் தடவை இரண்டு அணிகளும் மோதியபோது கிளைவுக்குத் தொடையில் அடி, ஆடவில்லை. அடுத்த மார்ச்சில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஹார்க்வொர்த் மைதானத்தில்தான் அவனை முதன்முதலாகப் பார்த்தான்.

பத்து நிமிஷம் போதுமாக இருந்தது. பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே அந்தப் பையன் மைதானம் முழுவதையும் பார்த்து முடித்திருந்தான். கிளைவ் அவனை நெருங்கும்போதெல்லாம் பந்து அங்கே இல்லை. வேகத்தால் அல்ல, பையன் ஒன்றும் பெரிய வேகக்காரன் இல்லை. போக வேண்டிய இடம் அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. கிளைவுக்கு அது புரிந்தது. மைதானத்தில் இருந்த இருபத்திரண்டு பேரில் அது நன்றாகப் புரிந்த ஒரே ஆள் அவன்தான். அது அவன் காலிலும் ஒரு காலத்தில் இருந்தது.

இடைவேளையில் ஹார்க்வொர்த் இரண்டு கோல் பின்தங்கியிருந்தது. உடை மாற்றும் அறையில் ஸ்டாட் கத்தவில்லை. டீக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"அந்தப் பொடியன் ரெண்டாவது பாதியிலயும் இப்படியே ஆடினான்னா, நாம உள்ள போகவே வேணாம். இங்கயே குளிச்சிட்டு வீட்டுக்குப் போயிடலாம். கிளைவ், உனக்கு நான் தனியா வேற சொல்லணுமா?"

"வேணாம் மொதலாளி."

பதினொரு வருஷமாக நடந்துவரும் பேச்சுதான். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அறுபதாவது நிமிஷத்தில் ட்ரான்டர் கிளைவின் இரண்டு கால்களுக்கும் நடுவே பந்தைத் தள்ளிவிட்டு, அவனைச் சுற்றிப் போய் எடுத்துக்கொண்டான். ஆட்டத்தில் இது எவனுக்கும் நடப்பதுதான். ஆனால் கிழக்குப் பக்கத்துக் கூட்டம் சிரித்துவிட்டது. சொந்த ஊர்க் கூட்டம். வில்ஃப் ஆர்க்ரைட் என்று ஒரு பழைய பஸ் டிரைவர், முப்பது வருஷமாக வேலியோரத்தில் அதே இடத்தில் நிற்கிறவர், மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஏய் கோடாலி! கதவை மூடிட்டுத் தூங்குடா, திருடன் உள்ள வந்துட்டுப் போறான்!"

மறுபடியும் சிரிப்பு. ட்ரான்டரும் சிரித்தான். கேலியாக இல்லை. அடக்கப் பார்த்தும் முடியாமல் வந்த சிரிப்பு, சின்னப் பையன்கள் சிரிப்பதைப் போல.

ஆறு நிமிஷம் கழித்து, நடுவட்டத்துக்குப் பக்கத்தில் பந்து ட்ரான்டரிடம் வந்தது. கிளைவ் எட்டு கஜ தூரத்திலிருந்து ஓடிவந்தான். ட்ரான்டர் தலையைத் தூக்கக்கூட இல்லை. வலது காலின் வெளிப்புறத்தால் ஒரு தட்டு. பந்து எழும்பி, இரண்டு தடுப்பாட்டக்காரர்களின் தலைக்கு மேலாகப் போய், இடது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவனுக்கு முன்னால் விழுந்தது. மைதானத்தில் இருந்த நாலாயிரம் பேரின் கண்களும் அந்தப் பந்தின் பின்னால் போயின. நடுவரின் கண்ணும் போனது. அப்படிப்பட்ட பாஸ் அது.

பந்து போவதை கிளைவும் பார்த்தான். பார்த்த பிறகு நிறுத்திக்கொள்ள அவனுக்கு இரண்டு எட்டு இருந்தது. அவன் நிறுத்தவில்லை. தரையில் ஊன்றியிருந்த ட்ரான்டரின் இடது காலின் மேல், முழங்காலுக்குக் கீழே, பூட்ஸின் அடிப்பக்கம் தெரிய இறங்கினான்.

சத்தம் தகரக் கூரை வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். ட்ரான்டர் போட்ட கூச்சலில், பந்தை வாங்கியவன் அப்படியே நின்று திரும்பிப் பார்த்தான். பந்து தானாக உருண்டு வெளியே போனது. நடுவர் ஓடிவந்து, எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று தெரியாத முகத்தோடு கிளைவுக்கு மஞ்சள் அட்டையைக் காட்டினார். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. உடை மாற்றும் அறையில் ஸ்டாட் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அன்றைக்கு டெலிவிஷன் கேமரா எதுவும் வரவில்லை. மூன்றாம் டிவிஷன் ஆட்டத்துக்கு யார் வரப்போகிறார்கள்?

ட்ரான்டரின் காலை நான்கு முறை அறுத்துப் பார்த்தார்கள். நான்காவது தடவைக்குப் பிறகு, நடக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவன் வழக்குப் போட்டான். கிளைவ் மேலும், ஹார்க்வொர்த் கிளப் மேலும்.

கிளப்புக்காக வந்த வக்கீல் பில்லிங் என்பவர் நல்ல மனிதர், பொறுமையாகப் பேசுகிறவர். கிளைவை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, பதிலை அழகாக எழுதிக்கொண்டு வந்தார்.

"பந்து இடது ஓரத்துக்குப் போச்சு. அதை எல்லாரும் பாத்திருக்காங்க. எப்படிப் போச்சுங்கறதுதான் விஷயம். உங்க கால் பந்துல பட்டு அது அந்தப் பக்கமா தெறிச்சுப் போயிருந்தா, நீங்க பந்துக்குத்தான் போனீங்கன்னு ஆயிடும். நம்ம சாட்சி மூணு பேர் அப்படித்தான் சொல்றாங்க."

"மூணு பேரா?"

"மூணு பேர். மிஸ்டர் ஸ்டாட் அதுல ஒருத்தர். உங்களுக்கு அப்படித்தானே ஞாபகம்?"

கிளைவ் ஜன்னல் பக்கம் பார்த்தான். "பந்து என் கால்ல பட்டுத்தான் போச்சு," என்றான்.

பில்லிங் அதை எழுதினார். கிளைவ் கையெழுத்துப் போட்டான். அடுத்த வாரம் ஸ்டாட் அவனைக் கூப்பிட்டு, ஆடி முடித்ததும் இரண்டாம் அணிக்குப் பயிற்சியாளராக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். இரண்டையும் யாரும் சேர்த்துப் பேசவில்லை. கிளைவின் மனைவி ஐலீன் அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி வாங்கி வந்து வாட்டினாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்து நாள் முழுக்க ஃபோனுக்குப் பதில் சொல்கிறவள் அவள். காலில் எப்போது என்ன உடையும் என்று பயந்து பயந்தே பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள்.

"அப்பாடா," என்றாள். "இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை நான் ஃபோன் பக்கத்துலயே உக்காந்திருக்க வேணாம்."

வழக்கு மான்செஸ்டரில் மூன்றரை வருஷம் கழித்து விசாரணைக்கு வந்தது. கிளைவுக்கு அப்போது முப்பத்துநான்கு. அவன் கல்யாணத்துக்குத் தைத்த சூட்டைப் போட்டுக்கொண்டு போனான். தோளில் இறுக்கிப் பிடித்தது.

முதலில் ட்ரான்டரைக் கூண்டில் ஏற்றினார்கள். கிளைவ் அவனை மைதானத்தில் பார்த்ததுதான், அதற்குப் பிறகு பார்த்ததில்லை. உடம்பு போட்டிருந்தான். இடது காலை ஒரு பெட்டியைத் தூக்கி வைப்பது மாதிரி தூக்கிவைத்துப் படியேறினான். ஓடு, டைல்ஸ் விற்கிற கடையில் வேலை என்றான். ஹார்க்வொர்த் தரப்பின் பாரிஸ்டர், குட்டை விக் வைத்த ஒரு நீளமான மனிதர், எழுந்து மெல்லக் கேட்டார்.

"மிஸ்டர் ட்ரான்டர், பந்து உங்க காலை விட்டுப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லை."

"மோதினப்போ பந்து உங்க கால்லயே இருந்திருக்கலாம் இல்லையா?"

ட்ரான்டர் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவன் வக்கீல் என்ன சொல்லக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தாரோ, அதைத்தான் அவன் சொல்லப்போகிறான் என்று கிளைவுக்குத் தெரிந்துவிட்டது.

"இருந்திருக்கலாம். எனக்குத் தெரியல. தினமும் அதைத்தான் நெனச்சுப் பாக்கறேன். ஒருவேளை நான்தான் ரொம்ப நேரம் வச்சிருந்துட்டேனோன்னு. கொஞ்சம் முன்னாடியே விட்டிருந்தா இது நடந்திருக்காதேன்னு. அதுக்கு முன்னாடி அவரு கால் நடுவுல விட்டு எடுத்தேன், எல்லாரும் சிரிச்சாங்க. அந்தத் தலைக்கனத்துல வச்சுக்கிட்டு நின்னுட்டேனோ என்னவோ. அப்படின்னா தப்பு என்னோடதுதான்."

பாரிஸ்டர் திருப்தியோடு உட்கார்ந்தார்.

காலை உடைத்த விஷயத்தை கிளைவ் மூன்றரை வருஷம் சுமந்திருந்தான். இன்னும் முப்பது வருஷம் சுமந்திருப்பான். ஆட்டத்தில் கால் உடைவதுண்டு. தன் காலும் இரண்டு முறை உடைந்திருக்கிறது. ஆனால் இதை அவனால் தாங்க முடியவில்லை. அப்படி ஒரு பாஸைப் போட்டவன், தான் பந்தை வைத்துக்கொண்டு நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்த பாஸைத் தன் காலில் பட்டுத் தெறித்த பந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் கிளைவ்.

மறுநாள் கிளைவின் முறை. ட்ரான்டர் தரப்பின் பாரிஸ்டர் ஒரு பெண். பெயர் மிஸ் காட்ரிங்டன். ஆட்டத்தன்று வாசலில் விற்கிற கிளப்பின் பழைய ஆட்டப் புத்தகம் ஒன்றை எடுத்து வாசித்தாள். "'இந்த சனிக்கிழமை வாருங்கள், கோடாலி வேலை செய்வதைப் பாருங்கள்.' இது உங்களைப் பத்தித்தானே?"

"ஆமா."

"பெருமையான பேரா அது?"

"பேர் வச்சவங்க என்னைக் கேட்டு வைக்கல மேடம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கிளைவின் வாக்குமூலத்தை எடுத்தாள். "பந்து உங்க கால்ல பட்டு இடது ஓரத்துக்குப் போச்சுன்னு சொல்லியிருக்கீங்க."

"சொல்லியிருக்கேன்."

"அது உண்மைதானா?"

தினமும் கேட்கிற கேள்வி மாதிரிதான் கேட்டாள். பதிலை எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றான் கிளைவ்.

அவள் கை தாளிலேயே நின்றது. நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சாட்சி கொஞ்சம் உரக்கச் சொல்லணும்."

"உண்மை இல்லைங்க ஐயா. பந்து என் மேல படல. அவன் போட்ட பாஸ் அது. வலது கால் வெளிப்பக்கத்தால போட்டான். நான் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே பந்து போயிடுச்சு. போறதைப் பாத்தேன். பாத்த பிறகுதான் மிதிச்சேன்."

பில்லிங் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

மிஸ் காட்ரிங்டன் சுதாரித்துக்கொண்டாள். "மேனேஜர் மிஸ்டர் ஸ்டாட் அப்படிச் செய்யச் சொன்னாரா?"

ஸ்டாட் மூன்றாவது வரிசையில், மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகம் சுட்ட செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது.

"அவனை ஆடவிடாதேன்னு சொன்னாரு. அது எப்பவும் சொல்றதுதான். உடைன்னு சொல்லல. உடைச்சது நான். அவரைக் கேட்டு ஒண்ணும் உடைக்கல."

"அப்படின்னா ஏன் செஞ்சீங்க?"

கிளைவுக்குப் பதில் தெரியும். ஆனால் அது விக் வைத்தவர்களுக்கு முன்னால் சொல்லக்கூடிய பதிலாக இல்லை. "தெரியல மேடம்," என்றான். அன்று கூண்டில் நின்று அவன் சொன்ன ஒரே பொய் அதுதான்.

ரயிலில் ஊர் திரும்பும்போது ஐலீன் எதிர் சீட்டில் உட்கார்ந்து கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே வந்தாள். மூன்று ஸ்டேஷன் போன பிறகு வாயைத் திறந்தாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது?"

"எத்தனை ராத்திரி கேட்டேன், கிளைவ்? 'நீ வேணும்னா செஞ்ச?'ன்னு? 'இல்லடி'ன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்ன. உனக்காகக் கடைத்தெருவுல ரெண்டு பேர்கிட்ட சண்டை போட்டிருக்கேன் நான். என் புருஷன் அப்படிப்பட்டவன் இல்லன்னு."

அவன் சூட்டின் பொத்தான்களைக் கழற்றினான்.

"மூணரை வருஷம் பொய் சொல்ல முடிஞ்சுது. இன்னும் ஒரே ஒரு நாள் சொல்ல முடியலையா? வேலை கையில இருந்துச்சு. பொண்ணு இருக்கா. இதெல்லாம் தெரியாதா உனக்கு?"

"அவன் தன்னோட தப்புன்னு நெனச்சிட்டிருந்தான் ஐலீன். பந்தை வச்சுக்கிட்டு நின்னுட்டேன்னு."

"அதுக்கு?"

அதற்கு என்ன பதில் சொன்னாலும் அவளுக்கு அது பந்தாட்டப் பேச்சாகத்தான் கேட்டிருக்கும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் மரியாதைக்காக மாலைப் பத்திரிகையை முகத்துக்கு உயர்த்தினார். அதன் கடைசிப் பக்கத்தில் கிளைவின் படம் இருந்தது.

தீர்ப்பு ட்ரான்டர் பக்கம் வந்தது. இழப்பீட்டை இன்சூரன்ஸ்காரர்கள் கொடுத்தார்கள். கிளப் கிளைவின் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, பூட்ஸையும் சாமான்களையும் வந்து எடுத்துப் போகச் சொன்னது. அவன் போன அன்று ஸ்டாட் அறைக் கதவைத் திறந்து வெளியே வரவில்லை. ஆனால் அந்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் அவர் பேசியது வந்தது: இப்படிப்பட்ட ஆட்களுக்குப் பந்தாட்டத்தில் இடமே கிடையாது, தன்னுடைய ஆட்டக்காரர்களுக்கு எப்போதும் நியாயமாக ஆடவே சொல்லிக்கொடுத்திருக்கிறார், ஹெஸ்கெத் தன்னையும் ஏமாற்றிவிட்டான். கூண்டில் நின்று அவர் தலை உருளாமல் காப்பாற்றியவனைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான். கிளைவ் அதை இரண்டு முறை வாசித்தான். மூன்றாம் தரம் ஐலீன் அதைப் பிடுங்கி அடுப்பு மூட்டப் போட்டாள்.

'கறுப்பு அன்னம்' பப்பில் அவனை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவன் உள்ளே வந்தால் பேச்சு ஒரு சுருதி இறங்கும், அவ்வளவுதான். ஒருநாள் வில்ஃப் ஆர்க்ரைட் தன் பீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவன் மேசைக்கு வந்தார்.

"நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. உன்னை யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல வில்ஃப்."

"காசு கீசு குடுத்தாங்களா அந்தப் பெல்பிரிட்ஜ்காரனுங்க?"

"இல்லப்பா."

"அப்புறம் என்ன எழவுக்குடா நம்ம கிளப்பைக் காட்டிக்குடுத்த?"

"வில்ஃப், அந்தப் பையன் காலை ஒடைச்சது நான்."

"அது எனக்குத் தெரியாதா? நான் வேலியோரத்துலதான நின்னேன். என் கண்ணால பாத்தேன்." வில்ஃப் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "நான் வெளிய சொன்னேனா?"

கிளைவ் பாதிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தான். காலை உடைத்ததை அந்த ஊர் அன்றைக்கே மன்னித்துவிட்டிருந்தது. வாயைத் திறந்ததை அது மன்னிக்கவில்லை.

தரைவிரிப்பு விற்கிற கம்பெனி ஒன்றில் வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. சுருட்டிய விரிப்புகளை மாடிக்குத் தூக்கிப் போக முதுகு வலுவான ஆள் வேண்டியிருந்தது அவர்களுக்கு. ஐலீன் அவனை விட்டுப் போகவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட ஆரம்பித்தாள். தொண்ணூற்றிரண்டு வசந்தத்தில், பெல்பிரிட்ஜில் ஒரு வீட்டுக்கு விரிப்பு இறக்கிய பிறகு, கிளைவ் வேனை நேராக ஓட்ட வேண்டிய இடத்தில் இடது பக்கமாகத் திருப்பினான். முகவரியை அவன் ஒரு வருஷமாகச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

கதவைத் திறந்தவள் ட்ரான்டரின் மனைவி ரோனா. ஐந்தாறு மாதக் கர்ப்பம். யார் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே, "விரிப்பு எதுவும் நாங்க கேக்கலையே?" என்றாள். பின்னால் வந்த ட்ரான்டருக்குத் தெரிந்தது.

"எதுக்கு வந்தீங்க?"

"தெரியல."

"மன்னிப்புக் கேக்கவா?"

"அதைக் கேக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

"இல்லதான்." ட்ரான்டர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டான். "ஊரே சொல்லுது, பெரிய மனுஷன், உண்மையைச் சொன்னாருன்னு. எங்கம்மா சர்ச்சுல உங்களுக்காக வேண்டிக்கிட்டாங்களாம். எனக்கு எப்படி இருக்கு தெரியுமா? மூணரை வருஷம்! ஒவ்வொரு ராத்திரியும் நான் அந்தப் பந்தை வச்சுக்கிட்டு நின்னேன். ஒவ்வொரு ராத்திரியும் சீக்கிரம் விடுடா, விடுடான்னு எனக்கு நானே கத்தினேன். நான் விட்டுட்டேன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு தபால் கார்டுல எழுதிப் போட்டிருக்கலாம். கால் ஒடைஞ்சது கூடப் போகட்டும்."

"ஆமா," என்றான் கிளைவ். திரும்பினான்.

"நில்லுங்க."

ட்ரான்டர் மனைவியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். அடுத்ததைக் கேட்பது அவனுக்கு முதலில் சொன்னதை எல்லாம்விடக் கஷ்டமாக இருந்தது.

"இவ நான் ஆடிப் பாத்ததில்ல. அதுக்கப்புறம்தான் பழக்கம். அந்த பாஸ் எனக்கும் ஞாபகத்துல இல்ல. படமும் எதுவும் எடுக்கல. பக்கத்துல நின்னு பாத்தது நீங்க ஒருத்தர்தான். எப்படி இருந்துச்சுன்னு அவகிட்ட சொல்லுங்க."

கிளைவ் வாசற்படிக்குக் கீழே, கம்பெனி மேலங்கியோடு நின்றபடியே சொன்னான். பந்து பனியில் ஊறிக் கனத்துப் போயிருந்ததைச் சொன்னான். அது குதித்து, முழங்கால் உயரத்தில், ஒழுங்கில்லாமல் வந்ததைச் சொன்னான். அப்படி வருகிற பந்தை மற்றவர்கள் முதலில் அடக்கி வைத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள்; இவன் அடக்கவே இல்லை, வந்த வேகத்தையே எடுத்துத் திருப்பிவிட்டான் என்றான். உடம்பு வலது பக்கம் போகப்போவது போல் சாய்ந்ததால் ஹார்க்வொர்த் ஆட்கள் இரண்டு பேர் அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்துவிட்டார்கள், அந்த ஓரெட்டு இடைவெளிக்கு மேலாகத்தான் பந்து போனது என்றான். நாற்பத்தைந்து கஜம். விழுந்த பிறகு முன்னால் ஓடாமல், பின்னால் சுழன்று, வருகிறவனுக்காக நின்றது. "பதினெட்டு வருஷம் ஆடியிருக்கேம்மா. எனக்கு எதிரா ஆடினவங்கள்ல பேர் வாங்கினவங்க எத்தனையோ பேர். இப்படி ஒண்ணை நான் பாத்ததில்ல."

ரோனா கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. ட்ரான்டர் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அவனுடைய வலது பாதம் செருப்புக்குள் கொஞ்சம் வெளிப்புறமாகத் திரும்பியதைக் கிளைவ் பார்த்தான்.

"அது போய்ச் சேர்ந்துச்சா?" என்று ட்ரான்டர் கேட்டான். "சரியா அவன் கால்லயா?"

"அடுத்த எட்டுல."

ட்ரான்டர் தலையாட்டினான். கண்ணைத் திறந்தபோது முகம் மறுபடியும் இறுகிவிட்டிருந்தது.

"சரி. கேட்டாச்சு. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே ரோனாவின் குரல் கேட்டது. கிளைவ் வேனில் ஏறி எஞ்சினைக் கிளப்பினான். இன்னும் இரண்டு வீட்டுக்கு விரிப்பு இறக்க வேண்டியிருந்தது. முதல் வீட்டுக்காரி, ஒன்றரை மணி நேரம் காத்திருந்ததாகவும், உங்கள் மாதிரி ஆட்களை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்க முடியாது என்றும், விரிப்பை அவன் மூன்றாவது மாடிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுகிற வரைக்கும் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தாள்.